பள்ளிச் செய்தியும் வீட்டுப் படிப்பும்: தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கான வழிகாட்டி

முதல் குழந்தையைத் தொடக்கப் பள்ளியில் சேர்த்த பெற்றோருக்கு, தொடக்க வாரங்களில் பாடங்களைவிடச் செய்திகளே மிகுதியாக வந்து சேர்கின்றன. சுற்றறிக்கை, நாட்குறிப்பேட்டில் ஆசிரியர் எழுதியனுப்பும் குறிப்பு, மாதந்தோறும் வரும் செய்திமடல், பள்ளியின் செயலி, வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு, வாயிலருகே உள்ள அறிவிப்புப் பலகை என்று ஒரே தகவல் பல வழிகளில் வருவதும், முக்கியமான தகவல் ஒரே ஒரு வழியில் மட்டும் வந்து கண்ணில் படாமல் போவதும் வழக்கம். இவற்றில் பெரும்பகுதி தேதிகளும் நடைமுறைகளுமே. எனினும் அவற்றுக்கிடையே, வகுப்பில் இப்போது என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் இரண்டு மூன்று வரிகள் பெரும்பாலும் இருக்கும். அந்த வரிகளைக் கண்டெடுத்து, வீட்டில் நாள்தோறும் செய்யக்கூடிய ஒரு சிறு செயலாக மாற்றுவதுதான் தொடக்கப் பள்ளிப் பெற்றோரின் முதன்மையான வேலை என்பது என் கருத்து. அதற்கான படிகளை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதற்படி: செய்திகளைப் பிரித்து வைத்தல்

வரும் செய்தி ஒவ்வொன்றையும் மூன்று வகைகளில் ஒன்றில் சேர்த்துவிடலாம். கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியவை முதல் வகை. அனுமதிப் படிவம், ஒவ்வாமை முதலான மருத்துவ விவரங்கள், அவசரத் தொடர்பு எண், குழந்தையை அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர்களின் பட்டியல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை வந்த அன்றே நிரப்பிப் பையில் வைத்துவிடுவது நல்லது. நாளைக்கு என்று ஒதுக்கிய தாள் பெரும்பாலும் கடைசித் தேதி கடந்த பிறகுதான் கண்ணில் படும். விடுமுறை, தேர்வு, பெற்றோர் கூட்டம், விளையாட்டு விழா போன்ற தேதி சார்ந்த செய்திகள் இரண்டாவது வகை. அவற்றைச் சுவர் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். நாட்காட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, தேதியைக் கண்டுபிடித்து எழுதும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்துவிட்டால், கிழமைகளும் மாதங்களும் தனியே சொல்லிக்கொடுக்காமலேயே மனத்தில் பதிந்துவிடும். கற்றல் பற்றிய வரிகள் மூன்றாவது வகை. இவற்றுக்கென்று ஒரு சிறிய குறிப்பேடு வைத்து, மாதத்தின் பெயரை எழுதி அதன் கீழே அந்த வரிகளை அப்படியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தாய் படித்திருப்பார் என்று தந்தையும், தந்தை படித்திருப்பார் என்று தாயும் எண்ணியிருந்த சுற்றறிக்கையை இருவருமே படிக்காமல் விட்டுவிடுவது மிக எளிதாக நடக்கக்கூடியது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றித் தனியாக ஒரு சொல். மறந்துபோன வீட்டுப்பாடத்தைக் கேட்டுக்கொள்ளவும், புதியவர்கள் மற்ற பெற்றோருடன் அறிமுகமாகவும் அது உதவுகிறது. ஆனால் அங்கே வரும் தேதியையோ விதியையோ பள்ளியின் சொந்த அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். பிறர் குழந்தைகளின் படங்களையும் மதிப்பெண்களையும் அதில் பகிர்வது முறையன்று. ஒரு ஆசிரியரைப் பற்றிய மனக்குறை இருந்தால், அதை அந்த ஆசிரியரிடம் சொல்வதற்கு முன்பு நாற்பது பெற்றோர் படிக்கும் இடத்தில் எழுதுவது எந்தக் குழந்தைக்கும் நன்மை செய்வதில்லை.

இரண்டாம் படி: பாட வரியை வீட்டுச் செயலாக மாற்றுதல்

செய்திமடலில் ‘இம்மாதம் கணக்கில் நீளம் அளத்தல், அறிவியலில் தாவரத்தின் பகுதிகள், மொழியில் கதையைத் தம் சொற்களில் கூறுதல்’ என்று மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றையும் வீட்டில் பாடமாக நடத்தத் தேவையில்லை. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, வழக்கமான வேலைகளோடு பொருத்திவிட்டால் போதும். மேசையின் நீளத்தை முதலில் சாணால் அளந்து, பிறகு அளவுகோலால் அளந்து, பெரியவர் சாணால் அளந்தால் ஏன் வேறு எண்ணிக்கை வருகிறது என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்குள் அலகு என்ற கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. செய்திமடலில் பாடத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், அடுத்த இரண்டு வாரங்களுக்கு வகுப்பில் எதைக் கற்பிக்கவிருக்கிறார் என்று ஆசிரியரிடம் நாட்குறிப்பேட்டில் ஒரே ஒரு வரியில் கேட்டு எழுதலாம். அதற்கு அவர் ஒரு வரியில் பதில் எழுதிவிட முடியும்.

‘இன்று பள்ளி எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்கு ‘நன்றாக இருந்தது’ என்ற பதிலுக்கு மேல் எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. செய்திகளைப் படித்திருக்கும் பெற்றோரால் இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியும். ‘விதை நட்டீர்களாமே, உன் விதை முளைத்ததா?’, ‘அளக்கும்போது உன்னுடன் யார் இருந்தார்?’, ‘இன்று எது புரியாமல் இருந்தது?’ என்று கேட்டால் பேச்சு நீளும். வீட்டுக்குள் நுழைந்தவுடன் கேட்காமல், குழந்தை சற்று ஓய்ந்த பிறகு கேட்பது மேலும் பயன் தரும்.

மூன்றாம் படி: உடன் இருந்து வாசித்தல்

வீட்டில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது வாசிப்பாக இருக்கட்டும். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைப் பற்றி 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய வாய்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்லாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டுப் பொருள் கொள்ளும் திறன் மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கற்பலனே வாசிப்புத் திறன் என்றார்கள். கூட்டலாகக் கொள்ளாமல் பெருக்கலாகக் கொண்டதில்தான் அதன் உட்பொருள் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியாக இருந்தால் விடையும் சுழியே. எழுத்துகளைத் தடையின்றி ஒலிக்கும் குழந்தை, அந்தச் சொற்களை முன்பு எங்கும் கேட்டதே இல்லையென்றால், பக்கம் முழுவதும் படித்து முடித்தும் எதையும் பெறாது.

இதிலிருந்து பெற்றோருக்கு இரண்டு வேலைகள் கிடைக்கின்றன. ஒன்று, குழந்தை வாசிப்பதைக் கேட்பது. மற்றொன்று, குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது. தானாக வாசிக்கத் தெரிந்துவிட்டதும் பல வீடுகளில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. எட்டு வயதுக் குழந்தையால் தானே வாசிக்க முடிகிற நூலைவிட, காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற நூல் பெரும்பாலும் பலமடங்கு வளமான சொற்களைக் கொண்டிருக்கும். தமிழ் பேசும் வீடுகளுக்கு இதில் கூடுதலான ஒரு காரணமும் உண்டு. நாம் பேசும் தமிழுக்கும் நூல்களில் உள்ள தமிழுக்கும் இடையே கணிசமான இடைவெளி இருக்கிறது. எழுத்துத் தமிழின் வினைமுற்றுகளும் வேற்றுமை உருபுகளும் காதுக்குப் பழகாத குழந்தை, எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தும் வாக்கியத்தில் தடுமாறும். நாள்தோறும் பத்து நிமிடம் நூலில் உள்ளபடியே வாசித்துக் காட்டி, பிறகு அதே செய்தியைப் பேச்சுமொழியில் உரையாடினால், அந்த இடைவெளி மெல்லக் குறையும்.

வாசித்துக் காட்டும் முறையிலும் கவனம் வேண்டும். குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்குப் படக்கதையை வாசிக்கும் விதத்தில் சில மாற்றங்களைக் கற்றுத்தந்தார்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைக் குறைத்து, குழந்தை விரித்துச் சொல்லும்படியான கேள்விகளைக் கேட்பதும், குழந்தை சொன்னதை எடுத்து ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ சேர்த்துத் திருப்பிச் சொல்வதும்தான் அந்த மாற்றங்கள். ஒரு மாதத்துக்குள் அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடச் சில மாதங்கள் முந்திச் சென்றிருந்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தையிடமும் இதே முறையைக் கையாளலாம். ‘அவன் ஏன் பொய் சொன்னான்?’, ‘நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?’, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று இடையிடையே நிறுத்திக் கேட்கலாம்; ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

குழந்தை வாசிக்கும்போது தவறு வந்தால் உடனே திருத்த வேண்டாம். சில விநாடிகள் பொறுத்திருந்தால், வாக்கியம் பொருந்தாததை உணர்ந்து குழந்தையே திரும்பிப் படிப்பதைப் பார்க்கலாம். அப்படித் திரும்பவில்லையென்றால், சொல்லின் முதல் எழுத்தைச் சுட்டிக்காட்டலாம். அதற்கும் வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். வாசிப்பு நேரத்தை ‘ல, ள, ழ’ வேறுபாட்டுக்கான தேர்வாக மாற்றிவிடக் கூடாது. ஒலிப்புப் பயிற்சிக்கு வேறொரு நேரம் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் ஐந்துக்கும் மேற்பட்ட சொற்களில் தடுமாற்றம் இருந்தால், அந்த நூல் இப்போதைக்குக் கடினமானது என்று கொண்டு, அதை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய நூல்களோடு சேர்த்துவிடுங்கள். ஒரே நூலைக் குழந்தை மீண்டும் மீண்டும் கேட்டால் தடுக்க வேண்டியதில்லை. திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் நல்ல பயிற்சிகளுள் ஒன்று.

பள்ளியின் மொழி வேறாகவும் வீட்டின் மொழி தமிழாகவும் இருக்கும் குடும்பங்கள், பள்ளிக்காக வீட்டில் மொழியை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. உங்களுக்கு எந்த மொழியில் தயக்கமின்றிக் காரணம் சொல்லவும், கதை சொல்லவும், கேலி செய்யவும் முடிகிறதோ, அந்த மொழியில் பேசுங்கள். அரைகுறையான ஒரு மொழியில் கேட்கும் சிறு வாக்கியங்களைவிட, தாய்மொழியில் கேட்கும் நீண்ட விளக்கம் குழந்தையின் சிந்தனைக்கு அதிகம் கொடுக்கும். விலங்கு ஏன் நிறம் மாறுகிறது என்பதைத் தமிழில் புரிந்துகொண்ட குழந்தை, அதை வேறொரு மொழியில் சொல்ல வேண்டியபோது சொற்களை மட்டுமே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: எண்களோடு பழக்குதல்

கணக்கைப் பொறுத்தவரை, வீட்டில் விளையாட்டே முதலிடம் பெற வேண்டும். ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் 2008-இல் நடத்திய ஆய்வில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி வயதை எட்டாத குழந்தைகள், 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதப்பட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாடினார்கள். இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15 நிமிடம் மட்டுமே. அவர்களுடைய எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் தீட்டிய பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. 5-ஆம் கட்டத்தில் நிற்கும்போது 2 விழுந்தால், ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி நகர்த்தாமல் ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பயன் அதில்தான் இருக்கிறது.

‘எனக்கும் கணக்கு வராது’ என்று குழந்தையின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோரின் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கணக்குக் கற்றிருந்தார்கள். ஆனால் அந்தப் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியிருந்தால் மட்டுமே அப்படி நேர்ந்தது. எனவே அச்சம் உள்ளவர்கள் வீட்டுப்பாடக் கணக்கை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பலகை விளையாட்டையும் அளக்கும் வேலைகளையும் தங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: வீட்டுப்பாடத்துக்கு எல்லை வகுத்தல்

வீட்டுப்பாடம் குழந்தையுடையது, இடமும் நேரமும் அமைதியும் பெற்றோருடைய பொறுப்பு. எவ்வளவு நேரம் என்பதற்கு, வகுப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரவலாக்கினார். அதன்படி முதல் வகுப்புக்குப் பத்து நிமிடமும், மூன்றாம் வகுப்புக்கு அரை மணி நேரமும் போதும். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உயர்வகுப்புகளில்தான் வலுவாக இருக்கிறது என்றும், தொடக்க வகுப்புகளில் அது மெலிந்தே காணப்படுகிறது என்றும் அவரும் அவருடைய சகாக்களும் 2006-இல் தொகுத்து எழுதினார்கள். ஆகவே அழுகையோடு நீளும் வீட்டுப்பாடத்தை முடித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை. உரிய நேரம் கடந்ததும் நிறுத்திவிட்டு, ‘இதுவரை தானாகச் செய்தாள், இந்த இடத்தில் புரியவில்லை’ என்று ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். பெற்றோர் திருத்திப் பளபளப்பாக்கிய பக்கத்தைவிட அந்த ஒரு வரி ஆசிரியருக்கு அதிகம் உதவும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவற்றை, அதாவது சொற்களின் எழுத்துக்கூட்டையும் வாய்பாட்டையும், திரும்பத் திரும்பப் பார்த்து எழுதச் சொல்வது பழைய வழக்கம். ஒருமுறை பார்த்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து சரிபார்ப்பது அதைவிடப் பயன் தருவது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தியிருந்தார்கள். அன்றிரவு ஒப்பித்துவிட்டான் என்பதை வைத்து, பதிந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. இரண்டு நாள் கழித்து, எதிர்பாராத நேரத்தில், விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள்.

பாராட்டிலும் அளவும் குறியும் வேண்டும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், ‘நீ அறிவாளி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் தோல்விக்குப் பிறகு விரைவில் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஆனால் ‘நன்றாக முயன்றாய்’ என்பதையே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் வெற்றுச் சொல்லாகிவிடும். ‘கழித்தலில் கடன் வாங்கிய இடத்தை நீயே மறுபடி பார்த்துத் திருத்தினாய்’ என்று செய்ததைப் பெயரிட்டுச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: உறக்கமும் வருகையும்

இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, படுக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். வருகையைப் பொறுத்தவரை, மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தாலே, இருபது வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நோயுற்ற குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. மற்றபடி, குடும்பப் பயணங்களைச் செய்திமடலில் வந்த விடுமுறைப் பட்டியலோடு ஒத்துப்போகும்படி வகுத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: ஆசிரியரைச் சந்தித்தல்

பெற்றோர் கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதை மதிப்பெண்களைப் பார்ப்பதிலேயே கழித்துவிடாமல், முன்கூட்டியே எழுதிக்கொண்டு செல்லும் மூன்று கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். என் குழந்தை எதைத் தானாக, நம்பிக்கையோடு செய்கிறது? எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது? வீட்டில் ஒரே ஒன்றைச் செய்வதென்றால் எதைச் செய்யலாம்? இரண்டாவது கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்லும்போது, குழந்தையின் குறிப்பேட்டில் அந்தத் தடையைக் காட்டும்படி கேளுங்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லைவிட, தவறான ஒரு விடை மிகத் தெளிவாகப் பேசும். வீட்டில் நீங்கள் கவனித்தவற்றையும் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, கூப்பிட்டால் திரும்பாதது, முதல் வகுப்பு முடியும் வேளையிலும் எளிய சொற்களைச் சேர்த்துப் படிக்க முடியாமல் இருப்பது, பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி ஆகியவற்றைச் சொல்வதற்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிட்டால், எஞ்சிய காரணங்களைத் தேடுவது எளிதாகும்.

பேசி முடிவானதை அன்று மாலையே இரண்டு வரிகளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்து அதே பொருளைப் பற்றி மட்டும் மீண்டும் கேளுங்கள். வகுப்பில் முப்பது குழந்தைகளைக் கவனிக்கும் ஒருவரிடம், இப்படிக் குறிப்பாகக் கேட்பதே மரியாதை.

எட்டாம் படி: பள்ளியின் பணிகளில் பங்கேற்றல்

பள்ளிக்குள் வந்து பணி செய்பவர் மட்டுமே அக்கறையுள்ள பெற்றோர் என்ற எண்ணம் பல இடங்களில் இருக்கிறது. பள்ளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவை நெடுங்காலம் ஆராய்ந்த ஜாய்ஸ் எப்ஸ்டீன், பங்கேற்பை ஆறு வகையாகப் பிரித்தார்: குழந்தை வளர்ப்பு, தகவல் பரிமாற்றம், தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, ஊர்ச் சமூகத்தோடு இணைதல். பள்ளிக்கு நேரில் வந்து செய்ய வேண்டிய தன்னார்வப் பணி இவற்றுள் ஒன்று மட்டுமே. பகல் முழுவதும் வேலையில் இருப்பவர்கள் இதை எண்ணிக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. நூலகத்துக்கான நூல்களுக்கு இரவில் அட்டை போட்டுத் தரலாம், செய்திமடலை வேறொரு மொழியில் பெயர்த்துத் தரலாம், தம் தொழிலைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பில் இருபது நிமிடம் பேசலாம்.

நேரில் வர இயன்றவர்களுக்கு, குழந்தைகள் வாசிப்பதைக் கேட்கும் பணியையே முதலில் பரிந்துரைப்பேன். அங்கே சென்றால், தம் குழந்தையின் இருக்கையையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பிற குழந்தைகளின் தடுமாற்றங்களை வெளியே பேசவும் கூடாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கூட்டத்துக்கு ஓராண்டாவது பார்வையாளராகச் சென்று, நிதி எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது, யார் முடிவெடுக்கிறார் என்பதைப் புரிந்துகொண்ட பிறகு பொறுப்பு ஏற்பது நல்லது. செய்திமடல் புரியவில்லை என்று புதிய பெற்றோர் பலர் தயங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள். அடுத்த மாத மடலில் ‘வகுப்பில் இப்போது நடப்பது, வீட்டில் செய்யக்கூடியது’ என்று ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு வரி சேர்க்கும்படி கேட்டால், பெரும்பாலான பள்ளிகள் மறுக்க மாட்டா. அந்த இரண்டு வரிகளை வகுப்புவாரியாகக் கேட்டு வாங்கித் தொகுக்கும் வேலைக்கு ஒருவர் தேவைப்படுவார். பள்ளியில் நீங்கள் ஏற்கும் முதல் பொறுப்பு அதுவாகவே இருக்கலாம்.